சரிவு வாசலுக்குக் கல்படி: எந்தக் கல், எத்தனை படி, தண்ணீர் எந்தப் பக்கம்?

கேள்வி · ஜூலை 9

சென்னிமலைக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து வீடு இருக்கிறது. வாசலிலிருந்து மாடு கட்டும் கட்டுத்தரைக்கு இறங்கும் இடம் நல்ல சரிவு. மண்ணில் வெட்டிய படிகள் ஒவ்வோர் ஐப்பசி மழையிலும் கரைந்துவிடுவதால் இந்த முறை கல்லிலேயே போட்டுவிடலாம் என்று இருக்கிறோம். கடையில் பாலிஷ் கிரானைட்டைக் காட்டுகிறார்கள். கொத்தனார் கடப்பாக் கல் போதும் என்கிறார். மாமனார் குவாரியில் காட்டுக்கல் எடுக்கலாம் என்கிறார். எது நீடிக்கும்? சிமெண்டு வைத்துக் கட்ட வேண்டுமா, வெறுமனே அடுக்கலாமா? அத்தைக்கு முழங்கால் வலி இருக்கிறது, அவர்களும் ஏறி இறங்க வேண்டும். விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஜூலை 9, இரவு

எந்தக் கல் என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மேல் வாசலில் விழும் மழைத் தண்ணீர் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்பது முதலாவது. மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உயர வேறுபாடு எவ்வளவு, இடையில் கிடைத்தூரம் எவ்வளவு என்பது இரண்டாவது. இவை இரண்டும் தெரியாமல் கல் வாங்கப் போகிறவர்கள், கண்ணுக்குப் பிடித்த கல்லை வாங்கி வந்துவிட்டுப் பிறகு அந்தக் கல்லுக்கு ஏற்பச் சரிவை வெட்டுகிறார்கள்.

காங்கேயம், பெருந்துறை வட்டாரத்தில் பாழாய்ப்போன கல்படிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றில் கல் உடைந்து போனது என்று ஒன்றைக்கூட என்னால் நினைவுகூர முடியவில்லை. கல்லுக்கு அடியிலிருந்த மண் போயிருக்கும், அல்லது கல்லுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் அதை முன்னால் தள்ளியிருக்கும். எனவே காசைக் கல்லின் மேற்பூச்சில் போடாமல் அதன் அடியில் போடுங்கள் என்பதே என் கட்சி. மற்றவர்கள் மறுக்கலாம்.

உயரத்தை அளக்க ட்யூப் மட்டம், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய், போதும். ஒரு முனையை மேல் வாசலில் நட்ட குச்சியிலும் மறு முனையைக் கட்டுத்தரையில் நட்ட குச்சியிலும் பிடித்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தை இரண்டு குச்சியிலும் குறியுங்கள். குறியிலிருந்து தரை வரையுள்ள இரு அளவுகளின் வித்தியாசமே ஏற வேண்டிய மொத்த உயரம். குழாய்க்குள் காற்றுக் குமிழி நின்றால் கணக்கு பொய்த்துவிடும். கிடைத்தூரத்தைச் சரிவின் மேல் நாடாவை விரித்து அளக்கக் கூடாது. நூலை மட்டமாகப் பிடித்துத்தான் அளக்க வேண்டும்.

ஜூலை 10

கல் வகையைப் பற்றிச் சுருக்கமாக.

பாலிஷ் கிரானைட்டைத் திறந்தவெளிப் படிக்கு வைக்கக் கூடாது. நனைந்த பாலிஷ் கல்லில் இளைஞர்களே வழுக்கி விழுகிறார்கள், முழங்கால் வலியுள்ளவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் கேட்டால் 'ஃபிளேம்' செய்த பலகை கிடைக்கும். நெருப்பு ஊதுகுழலால் மேற்பரப்பைச் சுடும்போது கல்லிலுள்ள படிகங்கள் விரிந்து வெடித்துத் தெறிக்கும். அதனால் சொரசொரப்பு உண்டாகும். அது காலுக்குப் பிடிமானம் தரும். ஆனால் முக்கால் அங்குலப் பலகையைச் செங்கல் படியின் மேல் ஒட்டுவது கல்படி ஆகாது. அது கல் உடுத்திய செங்கல் படி. ஓரம் உடைந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக்கல் வகை. ஒன்று ஆந்திரத்திலிருந்தும் மற்றொன்று ராஜஸ்தானிலிருந்தும் வருகின்றன. சமையலறை மேடைக்கும் திண்ணைக்கும் நல்லவை. வெளிப்படியில் போட்டால் நடக்க நடக்க வழவழப்பாகிவிடும், மழையில் கால் நிற்காது. கொத்தனாருக்கு அதன் மேல் ஆசை வரக் காரணம் உண்டு: தூக்குவது எளிது, அறுப்பது எளிது.

மாமனார் சொன்னதே சரி. நம் பக்கத்தில் காலடியிலேயே நைஸ் (gneiss) எனும் வரியோடிய பாறையும் கருங்கல்லும் கிடக்கும்போது லாரி வாடகை கொடுத்து வெளி மாநிலக் கல்லைக் கொண்டுவர என்ன தேவை?

ஜூலை 12

குவாரியில் எதைப் பார்ப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

நைஸ் பாறையில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் ஓடும். கறுப்பு வரியில் மைக்கா மிகுந்திருந்தால் அந்த வரியோடு கல் ஏடு ஏடாகப் பிரியும். ஆகவே வரிகள் கிடையாகப் படுக்கும்படிதான் படியில் கல்லை வைக்க வேண்டும். வரி செங்குத்தாக நின்றால் மேலிருந்து இறங்கும் தண்ணீர் அதற்குள் புகும், முன்முகம் நாளடைவில் உரியும். மைக்கா நகத்தால் சுரண்டினாலே உதிருமளவுக்கு மக்கியிருந்தால் அந்தக் கல் வேண்டாம். பாறையின் மேல்தோலிலிருந்து எடுத்த, மஞ்சளாகத் துருவேறிய கல்லும் வேண்டாம்.

அடுத்தது ஓசை. சுத்தியலால் தட்டினால் மணியோசைபோல் கணீரென்று ஒலிக்கும் கல்லில் உள்விரிசல் இல்லை என்று பொருள். சத்தம் அமுங்கி வந்தால் உள்ளே எங்கோ நூலிழை விரிசல் இருக்கிறது. திருமுருகன்பூண்டிச் சிற்பிகளும் சிலைக்குக் கல் தேரும்போது தட்டித்தான் கேட்கிறார்கள். கல்லை மண்ணில் படுக்க வைத்துத் தட்டினால் நல்ல கல்லும் அமுங்கலாகவே ஒலிக்கும். இரண்டு சிறு கட்டைகளின் மேல் தூக்கி வைத்துத் தட்ட வேண்டும்.

மேல்முகம் ஓரளவு சமமாகவும் அடிமுகம் ஆடாமல் உட்காரும்படியும் இருக்கும் கற்களைச் சாக்கட்டியால் குறியிட்டு வாங்குங்கள். கனம் 6 அங்குலம் இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். கல்லைக் கொண்டுசெல்லும் அனுமதியான நடைச்சீட்டுடன் வரும் லாரியிலேயே வாங்க வேண்டும். சிறுகனிமங்களுக்கு 1959ஆம் ஆண்டு முதலே விதிகள் இருக்கின்றன. சீட்டு இல்லாத கல் பாதி வழியில் நின்றுவிட்டால் உங்கள் பணமும் அங்கேயே நின்றுவிடும். பொறம்போக்குக் கரட்டில் கிடக்கிறதே என்று டிராக்டரை எடுத்துக்கொண்டு போவதும் அதே கதையில்தான் முடியும்.

ஜூலை 13

கேட்டவர் அளவு அனுப்பியிருக்கிறார்: உயரம் 66 அங்குலம், கிடைத்தூரம் 20 அடி.

வீட்டுக்குள் இருக்கும் மாடிப்படியின் கணக்கை வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது. தேசியக் கட்டட விதிக்கோவை குடியிருப்புகளில் 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம் வரை படி உயரத்தை அனுமதிக்கிறது. கையில் பால் கேனோ தீவனக் கட்டோ வைத்துக்கொண்டு மழையில் இறங்குகிறவருக்கு அது மிக அதிகம். வெளிப்படிக்கு 5 முதல் 6 அங்குலம் போதும். பிரான்சுவா ப்ளாண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் 17ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த கணக்கு இன்றும் நிற்கிறது: படி உயரத்தின் இருமடங்கோடு மிதியகலத்தை, அதாவது கால் வைக்கும் பரப்பின் முன்பின் அகலத்தைக் கூட்டினால் நடக்கும்போது எடுத்து வைக்கும் ஒரு சராசரி எட்டின் நீளம் வர வேண்டும். அவர் சொன்ன அளவு நம் அங்குலத்தில் ஏறத்தாழ 25½.

66 அங்குலத்தை 11 ஏற்றமாகப் பிரித்தால் 6 அங்குலம் வரும். 13 ஆகப் பிரித்தால் 5 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். முழங்கால் வலிக்கு 13 தான் சரி. இருமடங்கு 10, மிதியகலம் 15, ஆக 25. 13 ஏற்றத்துக்கு இடையே 12 மிதி, அதில் ஒன்றை நடுத்தளத்துக்கு ஒதுக்கினால் மீதி பதினொன்று. பதினொரு மிதிக்கு 165 அங்குலம் போக 240இல் 75 அங்குலம் மிஞ்சுகிறது. அதை எல்லாப் படிக்கும் பங்கிட்டுக் கொடுத்தால் ஒரு எட்டுக்கும் இரண்டு எட்டுக்கும் நடுவில் கால் தடுமாறும். மிஞ்சியதை நடுவில் ஒரே தளமாக விட்டுவிடுங்கள். மலைக்கோயில் படிகளில் இடையிடையே மண்டபம் வைத்தவர்கள் பக்தர்களின் மூச்சைக் கணக்கிட்டுத்தான் வைத்தார்கள். உங்கள் தளத்தில் அத்தை நின்று கட்டுத்தரையை ஒரு பார்வை பார்க்கலாம்.

படி எத்தனை தாழ்வாக இருக்கலாம் என்பதற்கு உங்கள் ஊர் மலையே சாட்சி. சென்னிமலைக்கு 1,320 படிகள். அபிஷேகத் தீர்த்தத்தைச் சுமந்துகொண்டு காளைகள் அவற்றில் ஏறுவது வழக்கம்.

ஜூலை 14

கோவையிலிருந்து ஒரு பொறியாளர் நேற்றைய கணக்கில் ஒன்றைப் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு மிதியும் தண்ணீர் வடிய முன்பக்கம் சாய வேண்டும் அல்லவா, அந்தச் சாய்வும் உயரத்தில் சேருமே என்கிறார். சேரும். அடிக்குக் கால் அங்குலச் சாய்வு என்றால் 20 அடிக்கு 5 அங்குலம் அதிலேயே ஏறிவிடுகிறது. கற்களின் முகத்தில் ஏற வேண்டியது 61 அங்குலம் மட்டும். அதைப் பதின்மூன்றால் வகுத்தால் ஒரு படிக்கு 4.7 அங்குலம். மிதியகலத்தை 16 ஆக்கினால் 9.4 உடன் கூட்டி 25.4 வருகிறது. ப்ளாண்டெலின் அளவுக்கு முன்னைவிட இதுவே அருகில் இருக்கிறது. பதினொரு மிதிக்கு 176 அங்குலம், நடுத்தளத்துக்கு 64. இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் கல்லின் கனமும் மாறுகிறது. மேல்கல் கீழ்க்கல்லின் பின்விளிம்பில் 3 அங்குலம் ஏறி உட்காரும்படி அடுக்கும்போது கல்லின் கனமே படியின் உயரம். நான் முந்தாநாள் சொன்ன 6 அங்குலக் கல் இந்தச் சரிவுக்கு ஆகாது. நாலரை முதல் 5 அங்குலக் கல்லைத் தேடுங்கள். படிக்குப் படி உயரம் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. இரண்டு படி ஏறியதும் கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது, மூன்றாவது படி மாறியிருந்தால் இடறுகிறது.

ஜூலை 14, இரவு

ஒற்றைப்படை விவகாரம். படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதில் கேட்டவர் வீட்டில் எல்லோரும் ஒருமனம். எதை எண்ணுவது என்பதில்தான் சண்டை. மேல் வாசலின் மட்டத்திலேயே முடிகிற கடைசிக் கல்லைப் படியாகச் சேர்த்தால் 13, அது வாசல்தானே என்று விட்டுவிட்டால் 12. காலை எத்தனை முறை உயர்த்துகிறீர்களோ அதுவே படியின் எண்ணிக்கை. இதன்படி 13. மாமனார் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நடுத்தளத்தை மண்டபமாகக் கருதி மேலே ஆறு, கீழே ஏழு என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஆறில் குறை காண்பார், அதற்குள் வேலை முடிந்துவிடும்.

திருச்செங்கோட்டில் அறுபதாம் படியில் நின்று சத்தியம் செய்து வழக்குத் தீர்த்த வழக்கம் உண்டு. பதின்மூன்று படிக்குள் வழக்கைத் தீர்க்க உங்கள் வீட்டில் முடியாமலா போகும்?

ஜூலை 20

சிமெண்டா, வெறும் அடுக்கா என்ற தகராறு ஒரு வாரமாக ஓடுகிறது. கோவைப் பொறியாளர் காங்கிரீட் சரிவுப்பலகை போட்டு அதன்மேல் கல்லைக் கட்ட வேண்டும் என்கிறார். கோபிப் பக்கத்து நண்பர் ஒருவர் தம் தோட்டத்துப் படியை எந்தச் சாந்தும் இல்லாமல் அடுக்கி, ஒரு தலைமுறையாக அசையவில்லை என்கிறார். இரண்டு பேருமே தத்தம் மண்ணை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

சென்னிமலைச் சுற்றில் செம்மண்ணும் கிராவலும், கொஞ்சம் தோண்டினால் சுக்கான் எனும் சுண்ணாம்புக் கல்லும் வரும். இது தண்ணீரைக் கீழே விடும், வீங்காது. இங்கே கெட்டிப்படுத்திய ஜல்லியின் மேல் கல்லை அடுக்கினால் போதும். ஒரு கல் லேசாக இறங்கினாலும் கடப்பாறையால் நெம்பி அடியில் கல்தூள் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். சாந்து வைத்துக் கட்டிய படியில் ஒரு மூலை இறங்கினால் விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லாமல் நின்று அடிமண்ணைக் குழைக்கும்.

பல்லடம், சூலூர், உடுமலைப் பக்கத்துக் கரிசல் வேறு. அது மழையில் உப்பும், கோடையில் கைவிரல் நுழையும் அளவு வெடிக்கும். அங்கே கரிசலைக் கெட்டித் தரை வரும்வரை தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பாமல் எதைச் செய்தாலும், காங்கிரீட்டே போட்டாலும், ஆடும். பொறியாளரின் முறை மண்ணை நிரப்பி உயர்த்திய புது மனைக்குப் பொருந்தும். கெட்டித்தரைச் சரிவுக்கு அது வீண்செலவு. அதையே செய்வதானால் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற அடிமட்டத்தில் குழாய்த் துளைகளை விட மறக்கக் கூடாது.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஒருவர் இரண்டு அடிக்குக் கீழே அடித்தளம் போட வேண்டுமா என்று கேட்கிறார். குளிர்நாட்டில் மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து விரிந்து கல்லைத் தூக்கிவிடும். அதனால் அங்கே ஆழம் போகிறார்கள். நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே எதிரி ஓடும் தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் ஆண்டு முழுவதற்கும் நமக்கு மழை குறைவு. ஆனால் அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில மாலைகளில் கொட்டித் தீர்க்கும். படி கெடுவது அந்த மாலைகளில்தான்.

ஜூலை 21

அடுக்குக் கல்லின் சந்துகளில் பாம்பு சேருமா? சேரும். கல்லிடுக்கு என்றால் சுருட்டை விரியனுக்கும் தேளுக்கும் வீடு கட்டிக் கொடுத்ததுபோல. அதற்காகச் சந்தை முழுக்கச் சிமெண்டால் அடைத்தால் தண்ணீர் உள்ளே சிக்கும். கால் அங்குல ஜல்லியையும் கிரஷர் தூளையும் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள்) கலந்து சந்துகளில் குத்திக் குத்தி இறுக்குங்கள், தண்ணீர் கசியும், பிராணி நுழையாது. பக்கவாட்டில் புல்லைக் கால் முழம் கூட வளர விடாதீர்கள். இரவில் விளக்கு இல்லாமல் அந்தப் படியில் யாரும் இறங்கக் கூடாது.

ஆகஸ்ட் 3

கேட்டவரின் சித்தப்பா தோட்டத்தில், மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த பழைய கவலைக் கிணற்றின் கல்தூண்கள் கிடக்கின்றனவாம், அவற்றைப் படியாக்கலாமா என்கிறார். தாராளமாக. மாடு கட்டிக் கவலை ஓட்டிய காலத்துத் தூண்கள் நயமான கல்லில் வெட்டியவை. ஓசை பார்க்கத் தேவைகூட இல்லை, அத்தனை ஆண்டுப் பாரத்தைத் தாங்கியதே சோதனை. ஆனால் தூணின் அகலம் பெரும்பாலும் ஓரடிக்குள் இருக்கும், உங்களுக்கு வேண்டியது பத்தொன்பது அங்குலம் (மிதி 16, மேல்கல்லுக்கு அடியில் 3). ஒரு மிதிக்கு இரண்டு தூண்களை அடுத்தடுத்து வைக்க வேண்டிவரும். முன்தூண் தன் கனத்தால் நிற்கும். பின்தூண்மேல் அடுத்த படி ஏறி அமரும். நடுச்சந்தில்தான் தண்ணீர் இறங்கும். எனவே அங்கே ஜல்லி நன்றாக இறுகியிருக்க வேண்டும்.

தேய்ந்து வழவழப்பான பழங்கல்லை அப்படியே போடக் கூடாது. அம்மி கொத்துகிறவர் இன்னும் ஊருக்குள் வருகிறார் என்றால் அவரிடமே கொடுத்து மேல்முகத்தைப் பொளியச் சொல்லுங்கள்.

கிணற்றைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள் ஒரு பக்கம் மட்டும் சுவருக்குள் புதைந்து, மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும். வெளிக்கு நீட்டியதைப் போல உள்ளுக்கும் நீளமாகப் போயிருப்பதாலும், மேலே சுவர்ப் பாரம் அழுத்துவதாலும்தான் அவை ஆள் மிதித்தால் சாய்வதில்லை. உங்கள் படியின் மேல்கல் கீழ்க்கல்லை 3 அங்குலம் அழுத்துவதும் இந்தக் கணக்கின் சிறிய வடிவமே. அதைக் குறைக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. பழங்கல் எதுவானாலும் நான்கு முகத்தையும் கழுவிப் பாருங்கள். எழுத்தோ உருவமோ தெரிந்தால் அதைப் படியாக்காமல் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிடுங்கள். கல்வெட்டு எழுதிய பலகைகள் படியாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் கிடந்து தேய்ந்த கதை தமிழ்நாடு முழுக்க உண்டு. உங்களுக்கு அருகில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே பெருங்கற்கால மக்கள் பலகைக் கற்களால் பெட்டிபோல் அமைத்த ஈமக்குழிகள் கிடைத்திருக்கின்றன. காட்டில் வட்டமாகக் கற்கள் நட்டிருந்தாலோ பலகைக் கல் புதைந்திருந்தாலோ அது யாரோ மறந்துபோட்ட கல் என்று நெம்பி எடுக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 17

குவாரிக் கல் வந்து இறங்கிவிட்டதாம், தூண்களும் கொஞ்சம் வந்திருக்கின்றனவாம். வைக்கும் முறையைக் கேட்கிறார்.

கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. நான்கு அடி நீளம், 19 அங்குல அகலம், 4.7 அங்குலக் கனமுள்ள கல் ஏறத்தாழ 186 கிலோ. இரண்டு பேர் கையால் தூக்குகிற வேலை இது இல்லை. முக்காலியும் சங்கிலி பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும். அது இல்லையென்றால் இரும்புக் குழாய்களை உருளையாக அடியில் போட்டு, கடப்பாறையால் நெம்பி மேலிருந்து கீழே நகர்த்தலாம். அப்போது கல்லுக்குக் கீழ்ப்பக்கம் ஆள் நிற்கக் கூடாது. கல்லைப் பிடித்து உட்கார வைக்கும்போது விரலை அடியில் விடாமல் கட்டைத் துண்டு வைத்து இறக்குங்கள்.

வேலை கீழிருந்து தொடங்க வேண்டும். முதல் படிக்கு அடியில், தரைமட்டத்துக்குக் கீழே முழுதும் புதையுமாறு ஓர் அடிக்கல்லைக் கிடத்துங்கள். அது நகராமல் இருந்தால் மேலுள்ள பதின்மூன்றும் நகராது. ஒவ்வொரு படிக்கும் மண்ணைக் கெட்டித்தரை வரை மட்டமாக வெட்டி, ஒன்றரை அங்குல ஜல்லியை நான்கு முதல் ஆறு அங்குலம் பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்து, மேலே ஓர் அங்குலம் கிரஷர் தூளைப் போட்டு நனைத்து மறுபடி இடிக்க வேண்டும். ஜல்லியை மொத்தமாகக் கொட்டி இடித்தால் மேலே மட்டும் இறுகும், இரண்டு அடுக்காகவே போட வேண்டும். பிறகு கல். ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். குறுக்கே வைத்தால் முன்பக்கம் அடிக்குக் கால் அங்குலம் சாய்ந்திருக்க வேண்டும். கல்லின் நான்கு மூலையிலும் ஏறி நின்று பாருங்கள். ஆடினால் கல்சில்லைச் சொருகி ஆட்டத்தை மறைக்காமல், கல்லைத் தூக்கித் தூளைச் சரிசெய்யுங்கள். சில்லு பின்னாலும் பக்கத்திலும் இறுக்குவதற்கு மட்டும்.

கல்லின் பின்முகத்துக்கும் மண்ணுக்கும் இடையில் கையகல இடைவெளி விட்டு அதில் வெறும் ஜல்லியை நிரப்புங்கள். அந்த இடத்தில் வெட்டிய மண்ணையே திருப்பிப் போடுவதுதான் வேலையாட்களுக்கு வசதி. பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேலை பழக்கிய மேஸ்திரி ஒருவர், "தண்ணிக்கு வழி உட்டுட்டு அப்பறம் கல்லுக்கு எடம் பாருங்க" என்பார். அவர் கையில் அளவுநாடா இருந்து நான் பார்த்ததில்லை, நூலும் முழமும்தான்.

ஆகஸ்ட் 18

விட்டுப்போனது: வெயில். சித்திரை மதியத்தில் அடர்கறுப்புக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. படி மேற்குப் பார்த்து, நிழலும் இல்லை என்றால் வெளிறிய நைஸ் கல்லை மேலே வையுங்கள். நிழலுக்காகப் படியை ஒட்டி வேம்பு வைக்கும் எண்ணம் இருந்தால் பத்தடி தள்ளி வையுங்கள், வேர் கல்லைத் தூக்கும். சந்தில் அரசங்கன்று முளைத்தால் அன்றே பிடுங்க வேண்டும்.

அக்டோபர் 29

படி முடிந்து முதல் பெருமழையும் பெய்துவிட்டது. கல் எதுவும் அசையவில்லை என்கிறார். ஆனால் படியின் வலப்பக்க மண் அரித்து, நடுத்தளத்தின் ஓரத்தில் வாய்க்கால்போல் குழி விழுந்திருக்கிறதாம். படம் அனுப்பியிருக்கிறார்.

படத்தில் காரணம் தெரிகிறது. கூரைத் தண்ணீரும் வாசல் தண்ணீரும் சேர்ந்து படியின் தலைப்புக்கே வருகின்றன. மேல் கல்லுக்கு மூன்றடி பின்னால், சரிவுக்குக் குறுக்காக ஒரு சாண் ஆழத்துக்கு அகன்ற வாய்க்கால் வெட்டி, அதைப் படிக்கு எட்டாத பக்கமாகத் திருப்ப வேண்டும். வாய்க்காலின் கரையைப் படிப்பக்கமாகப் போடுங்கள். அடியில் கூழாங்கல்லோ உடைகல்லோ பரப்பினால் வாய்க்கால் தானே ஆழமாகிவிடாது. இருபுறமும் ஒரு வரிசை வெட்டிவேர் நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் ஆள் உயரத்துக்கும் கீழே நேராக இறங்கி மண்ணைப் பிடிக்கும், கல்லைத் தூக்காது. மழை இருக்கும்போதே நட்டால் பிடித்துக்கொள்ளும்.

திருப்பிய தண்ணீரை, இருபுறமும் வேலியுள்ள வண்டித்தடமான இட்டேரிக்கோ பங்காளியின் காட்டுக்கோ விட்டுவிட வேண்டாம். உங்கள் தென்னைப் பாத்திக்கு விடுங்கள். படிக்காக ஊர்ப் பெரியவர்களைக் கூட்டும் நிலை வரக் கூடாது.

நவம்பர் 2

கட்டுத்தரைக்கு முன்னால் பேவர் பிளாக் போடப் போவதாக மாமனார் சொல்கிறாராம். போடுவதற்கு முன் கவனியுங்கள்: பேவர் பிளாக்கும் அதன் அடிமணலும் சேர்ந்து நான்கு அங்குலம் உயர்ந்தால் முதல் படியே தரைக்குள் காணாமல் போய்விடும், எஞ்சிய முக்கால் அங்குல விளிம்பில் எல்லோரும் இடறுவார்கள். படியருகே மண்ணைத் தோண்டி, முடிந்த தளம் இப்போதைய மட்டத்திலேயே நிற்கும்படி போட வேண்டும். கீழ்த்தரையின் இறுதி மட்டத்தை ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டியது. கூடவே, அந்தப் பேவர் தளம் படியிலிருந்து விலகிச் சாய வேண்டும், இல்லையென்றால் அடிக்கல்லைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்.

நவம்பர் 20

இரண்டு கேள்விகள் மிச்சம்.

படிக்குப் பதிலாகச் சரிவுப்பாதை போட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்கிறார். பழனியில் யானைப் பாதை இருக்கிறதே என்கிறார். பழனியில் மலையைச் சுற்றி வளைத்துப் போக இடம் இருக்கிறது. சக்கர நாற்காலி ஏறும் பாதைக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்பது அளவு; 66 அங்குலம் ஏற 66 அடி நீளம் வேண்டும். இங்கே இருப்பது 20 அடி. வளைத்து வளைத்துப் போடுவதானால் முழுச் சரிவையும் அதற்கே கொடுக்க வேண்டும். தீவன வண்டி தள்ள வேண்டும் என்றால் கால்நடை அடைக்கும் தொண்டுப்பட்டிப் பக்கம் தனித்தடம் விடுவதே மேல்.

மற்றொன்று அத்தைக்குக் கைப்பிடி. படிக்கல்லில் துளை போட்டுக் குழாயை நட வேண்டாம். துளை வழியாகத் தண்ணீர் இறங்கி இரும்பு துருவேறி உப்பினால் கல்லின் ஓரம் வெடிக்கும். படிக்கு வெளியே, இறங்கும்போது அவருடைய வலக்கைப் பக்கம், வேலிக்கு நடும் கல்கால்களை இரண்டு அடி புதைத்து நட்டு, அவற்றில் ஜி.ஐ. குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) பொருத்துங்கள். மிதியிலிருந்து குழாய் மூன்றடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஓட வேண்டும், கை சுற்றிப் பிடிக்குமாறு ஒன்றரை அங்குலக் குழாய். மேலும் கீழும் கடைசிப் படியைத் தாண்டி ஓரடி நீண்டிருக்க வேண்டும், ஏனென்றால் கால் தரையில் ஊன்றிய பிறகே கை விடும். வலி எந்த முழங்காலில் என்று கேட்டு எழுதுங்கள். இடக்காலில் என்றால் இறங்கும்போதும் ஏறும்போதும் இரண்டு பக்கமும் கைப்பிடி தேவைப்படலாம், கல்காலை இப்போதே இரட்டை வரிசைக்கு வாங்கிவிடலாம்.